பாடத்திற்கொரு கையேடு: வீட்டுவழிக் கல்வியில் பெற்றோருக்கான ஆசிரியர் கையேடுகளின் தேவை – ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே குழந்தைகளுக்குக் கற்பிக்கும் பெற்றோருக்குப் பாடந்தோறும் ஆசிரியர் கையேடு வேண்டுமா என்னும் வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது. நன்னூல் பொதுப்பாயிரம் கூறும் கற்பித்தல் நெறி, சென்னை மாகாணத்தின் 1822ஆம் ஆண்டுக் கல்விக் கணக்கெடுப்பு, தமிழக அரசின் அண்மைக்காலக் கல்வித் திட்டங்கள் ஆகியவை இதற்குச் சான்றுகளாகின்றன. திருமழிசையை உள்ளடக்கிய திருவள்ளூர் மாவட்டப் பகுதி ஆய்வின் களமாகக் கருதப்படுகிறது. கையேட்டின் தேவையைப் பாடத்தின் பெயர் தீர்மானிப்பதில்லை. குழந்தையின் பிழை எங்கிருந்து பிறக்கிறது என்பதைப் பெற்றோரால் காண முடிகிறதா என்பதே தீர்மானிக்கிறது. அவ்வகையில், கையேடு தேவையற்றது எனப் பரவலாகக் கருதப்படும் தாய்மொழிப் பாடத்திற்கே அது மிகுதியும் தேவைப்படுகிறது என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: வீட்டுவழிக் கல்வி, ஆசிரியர் கையேடு, நன்னூல், எண்ணும் எழுத்தும், தமிழ் வாசிப்பு, இரட்டை வழக்கு, திருமழிசை.

1. முன்னுரை

சென்னைக்கு மேற்கே, பூவிருந்தவல்லி வட்டத்தில் அமைந்த பேரூராட்சி திருமழிசை. திருமழிசையாழ்வாரின் அவதாரத் தலமாக வைணவர் போற்றும் இவ்வூர், இன்று சிட்கோ தொழிற்பேட்டையாலும் பெங்களூரு நெடுஞ்சாலையாலும் அறியப்படுகிறது. 2020 மே மாதம் கோயம்பேடு காய்கறிச் சந்தை தற்காலிகமாக இங்கு மாற்றப்பட்டு, அவ்வாண்டு செப்டம்பர் இறுதி வரை இயங்கியது. அதே காலத்தில் பள்ளிகள் மூடப்பட்டிருந்தன. தமிழகத்தில் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் 1ஆம் நாள்தான் மீண்டும் திறக்கப்பட்டன. ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக்கு மேல், விரும்பியோ விரும்பாமலோ, ஒவ்வொரு வீடும் பள்ளியாக வேண்டியிருந்தது.

அந்த இடைக்காலம் வீட்டுவழிக் கல்வியின் இரு வகைகளைத் தெளிவாக்கியது. பள்ளி முறையை மறுத்துப் பெற்றோர் தாமே தேர்ந்துகொள்வது ஒன்று. பெரும்பாலும் படித்த நடுத்தர வகுப்பினரிடையே காணப்படும் இதுவே ‘ஹோம் ஸ்கூலிங்’ எனப்படுகிறது. பள்ளி கிட்டாமையால் வீட்டின்மேல் விழுவது மற்றொன்று. கையேட்டின் தேவை பற்றிய உரையாடல்கள் முதல்வகைப் பெற்றோரை மட்டுமே மனத்தில் கொண்டு நிகழ்கின்றன. கையேடு வாங்கலாமா, வேண்டாமா என்பது அவர்களுக்கு விருப்பத் தேர்வு. தொழிற்பேட்டையில் முறைவைத்து வேலைக்குச் செல்லும் தாய்க்கோ, கையில் எது கிடைக்கிறதோ அதுவே முழு வழிகாட்டி. ஆதலின் இவ்வினாவிற்கான விடை இருவகை வீட்டுக்கும் பொருந்துவதாக இருத்தல் வேண்டும்.

சட்டத்தின் நிலையும் இங்கு நோக்கத்தக்கது. குழந்தைகளுக்கான இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009, தன் 8ஆம் பிரிவில் ‘கட்டாயம்’ என்பதை அரசின் கடமையாக வரையறுக்கிறது. 10ஆம் பிரிவு குழந்தையைப் பள்ளியில் சேர்ப்பதைப் பெற்றோரின் கடமை என்கிறது. ஆயின், அதை மீறும் பெற்றோருக்குத் தண்டனை எதையும் இச்சட்டம் விதிக்கவில்லை. வீட்டுவழிக் கல்வியை அது பெயர் சொல்லி ஏற்கவுமில்லை, விலக்கவுமில்லை. ஏற்கப்படாத ஒன்றிற்கு அரசு கையேடு எழுதாது. எனவே வீட்டிற்கென எழுதப்படாத கையேடுகளையே வீட்டுப் பெற்றோர் பயன்படுத்த நேர்கிறது. சிக்கலின் தொடக்கம் இதுவாகும்.

2. வீட்டுக் கல்வியின் பழைய கணக்கு

வீட்டில் கற்பித்தல் தமிழகத்திற்குப் புதிதன்று. சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822ஆம் ஆண்டு, மாவட்ட ஆட்சியர்களிடம் கல்வி நிலை பற்றிய விவரங்களைக் கேட்டார். அவற்றைத் தொகுத்து 1826 மார்ச் 10ஆம் நாள் அவர் எழுதிய குறிப்பு, மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தனவாகக் கூறுகிறது. சென்னை நகரில் உறவினராலும் தனியாசிரியராலும் வீட்டில் கற்பிக்கப்பட்டோர் 26,000த்துக்கும் மேற்பட்டோர் எனவும், இது பள்ளிகளில் பயின்றோரைப் போல் ஐந்து மடங்குக்கும் அதிகம் எனவும் அக்குறிப்பில் காணப்படுகிறது. இவ்வெண்ணில் பிழை இருக்கலாம் என மன்றோவே ஐயுற்றார். வெளிமாவட்டங்களிலிருந்து வீட்டுக் கல்வி பற்றிய எண்கள் அவருக்கு வந்து சேரவில்லை. ஆதலின், அன்று செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த திருமழிசை போன்ற ஊர்களின் வீட்டுக் கல்வி எழுதப்படாத வரலாறாகவே நின்றுவிட்டது.

எண்ணிக்கை எவ்வாறாயினும், அவ்வீடுகளில் கற்பித்தோர் ‘ஆசிரியர் கையேடு’ என்னும் வகைநூலைக் கொண்டிருக்கவில்லை. ஆத்திசூடி, கொன்றைவேந்தன், எண்சுவடி, நிகண்டு எனக் கற்போனுக்குரிய நூல்களே இருந்தன. கற்பிக்கும் முறை நூலில் இல்லை. கற்பித்தவர் தாம் கற்ற விதத்தில் இருந்தது. எண்சுவடியை எந்த வரிசையில், எத்தனை முறை, எந்த ஓசையில் சொல்லவைப்பது என்பதைத் தந்தை தன் திண்ணைப் பள்ளிக் காலத்திலேயே உடம்பில் ஏற்றிக்கொண்டிருந்தார். திண்ணைப் பள்ளிகளின் கணக்குக் கல்வியை விரிவாக ஆராய்ந்த செந்தில் பாபு, அங்கு நினைவாற்றல் என்பது வெறும் மனப்பாடமன்று, கற்றலின் ஒரு முறையே என நிறுவுகிறார். அம்முறை தலைமுறை வழியாகக் கைமாறியதால் அச்சிட்ட கையேடு தேவைப்படவில்லை.

இதன் மறுபக்கத்தை ஆண்ட்ரூ பெல் காட்டுகிறார். சென்னை எழும்பூரில் 1789இல் தொடங்கிய படைவீரர் அனாதைச் சிறுவர் இல்லத்தின் பொறுப்பாளரான அவர், உள்ளூர்ப் பள்ளியில் குழந்தைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு அதைத் தம் இல்லத்தில் புகுத்தினார். மாணவரைக் கொண்டு மாணவருக்குக் கற்பிக்கும் முறையையும் வளர்த்தார். 1797இல் இலண்டனில் அதுபற்றிய நூலை வெளியிட்டார். இங்கு நூலின்றி நிகழ்ந்தது, அங்கு நூலாக வேண்டியிருந்தது. கற்பிக்கும் மரபு கைமாறாத இடத்தில்தான் கையேடு பிறக்கிறது. இன்றைய பெற்றோரின் நிலை எழும்பூர்த் தந்தையின் நிலையன்று. இலண்டன் ஆசிரியரின் நிலையே. தாம் கற்ற முறையை அவர்கள் மறந்துவிட்டனர், அல்லது அதை வேண்டாம் என ஒதுக்கிவிட்டனர்.

3. நன்னூல் காட்டும் அளவுகோல்

கற்பிப்போருக்கான வழிகாட்டி என்னும் கருத்து தமிழில் இல்லாமலும் இல்லை. பவணந்தி முனிவரின் நன்னூல் பொதுப்பாயிரம் நூல், ஆசிரியன், கற்பிக்கும் முறை, மாணாக்கன், கற்கும் முறை என்னும் ஐந்தையும் வரையறுக்கிறது. இன்றைய ஆசிரியர் கையேடுகளை மதிப்பிட இதைவிடப் பொருத்தமான அளவுகோல் தமிழில் அரிது. மூன்று கூறுகள் இங்குச் சிறப்பாகக் கருதத்தக்கன.

முதலாவது, ஆசிரியராகாதோருக்கு நன்னூல் தரும் உவமைகளுள் ஒன்றாகிய கழற்பெய்குடம். கழற்காய்களை ஒரு முறையில் குடத்திலிட்டால், அவை வேறு முறையில் வெளிவரும். பொருளறிவு இருந்தும் வரிசை அறியாதவரே இத்தகையோர். பட்டம் பெற்ற பெற்றோரின் குறைபாடு பெரும்பாலும் இதுவே. அவர்களுக்குப் பின்னம் தெரியும். பின்னத்திற்கு முன் எது வரவேண்டும் என்பது தெரியாது.

இரண்டாவது, மாணாக்கன் எவ்வாறு ஏற்றுக்கொள்கிறான் என்பதை அறிந்து, அவன் உளங்கொள்ளுமாறு உரைத்தல் வேண்டும் என்னும் நெறி. குழந்தையை நாள் முழுதும் அறிந்த பெற்றோர் இங்கு வகுப்பாசிரியரினும் ஒரு படி மேலே நிற்கின்றனர். கையேடு தர இயலாத அறிவு இது.

மூன்றாவது, கற்கும் முறை பற்றிய பகுதி. ஆசிரியர் உரைத்ததை நன்கு ஏற்றுக்கொண்டாலும் மாணாக்கனுக்குப் புலமையில் கால்பங்கே கிட்டும்; உடன்பயில்வோருடன் பழகுதலால் மற்றொரு கால்பங்கும், தான் பிறருக்கு எடுத்துரைத்தலால் எஞ்சிய அரைப்பங்கும் நிறைவுறும் என்கிறது நன்னூல். வீட்டுவழிக் கல்வியின் மீது இவ்வளவு கூர்மையான விமரிசனத்தை அதன் எதிர்ப்பாளர்களும் வைத்ததில்லை. எத்துணைச் சிறந்த கையேட்டைக் கையில் வைத்திருந்தாலும், பெற்றோர் தனித்துத் தரக்கூடியது கால்பங்கு மட்டுமே. எஞ்சிய முக்கால் பங்கிற்குத் தோழரும், குழந்தையே ஆசிரியனாகும் வாய்ப்பும் வேண்டும். பாடந்தோறும் கையேடு வாங்கி அடுக்குவது அந்தக் கால்பங்கையே மேலும் மேலும் தடிப்பாக்குவதாகும்.

4. கைக்கெட்டும் கையேடுகள்: ஒரு மதிப்பீடு

தமிழகப் பெற்றோருக்கு இன்று கிடைப்பவற்றை மூவகையாகப் பகுக்கலாம்.

முதல் வகை, மாணவருக்கான உரைநூல்கள். திருச்சிராப்பள்ளி ஐயம்பெருமாள் கோனார் எழுதிப் பழனியப்பா பிரதர்ஸ் வெளியிட்ட கோனார் தமிழ் உரை இவ்வகையின் முன்னோடி. பல தலைமுறைகளாகத் தமிழ்ப் பெற்றோர் நம்பிய ‘கையேடு’ உண்மையில் இதுவேயாகும். இது பொருளையும் விடையையும் தருகிறது. பிழையைப் பற்றிப் பேசுவதில்லை. மகளின் விடை தவறு என்று இதைக்கொண்டு தாய் அறியலாம். ஏன் தவறினாள் என்று அறிய இயலாது. தேசியத் திறந்தநிலைப் பள்ளிக் கல்வி நிறுவனத்தின் தன்கற்றல் நூல்களும் கற்போனை நோக்கியே பேசுகின்றன. அந்நிறுவனத்தின் இடைநிலைத் தேர்வுக்கு அமர 14 வயது நிறைந்திருக்க வேண்டும். தானே படித்துக்கொள்ளக்கூடிய அவ்வயதினருக்கு அந்நூல்கள் பொருந்தும். ஆறு வயதுக் குழந்தையின் பெற்றோருக்கு அவற்றால் பயனில்லை.

இரண்டாம் வகை, வகுப்பறைக்கான ஆசிரியர் கையேடுகள். இவற்றுள் அண்மைக்காலத்தில் விரிவாக அமைந்தவை எண்ணும் எழுத்தும் திட்டத்தின் கையேடுகள். 2022 சூன் 13ஆம் நாள், திருமழிசை அமைந்துள்ள அதே திருவள்ளூர் மாவட்டத்தின் புழல் ஒன்றியம் அழிஞ்சிவாக்கத்தில் இத்திட்டம் தொடங்கப்பட்டது. முதல் மூன்று வகுப்பு மாணவர் 2025ஆம் ஆண்டிற்குள் அடிப்படை எழுத்தறிவும் எண்ணறிவும் பெறுதல் இதன் இலக்கு. பெருந்தொற்றுக் கால இழப்பை முன்னிட்டு, வகுப்பு எதுவாயினும் குழந்தையின் உண்மை நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரித்துக் கற்பிப்பது இதன் சிறப்பு. வீட்டுப் பெற்றோர் எடுத்தாளத்தக்க கருத்து இது: குழந்தை எந்த வகுப்பில் இருக்க வேண்டும் என்பதை விடுத்து, எந்த நிலையில் இருக்கிறது என்பதிலிருந்து தொடங்குதல். ஆனால் கையேட்டின் செயல்பாடுகள் பல குழந்தைகள் உள்ள வகுப்பறையைக் கருதி அமைந்தவை. குழுவாகப் பாடுதல், இணையராக விளையாடுதல், ஒரு நிலையினர் எழுதுகையில் மற்றொரு நிலையினரைக் கவனித்தல் ஆகியவற்றிற்கு ஒற்றைக் குழந்தை உள்ள வீட்டில் இடமில்லை. அவற்றை நீக்கினால் கையேட்டின் கணிசமான பகுதி பயனற்றுப்போகும்.

மூன்றாம் வகை, பெற்றோரையே நோக்கி எழுதப்பட்டவை. ஒன்றிய அரசின் கல்வி அமைச்சகம் 2021 சூன் மாதம், பள்ளி மூடலின்போதும் அதன் பின்னரும் வீட்டில் கற்றலுக்குப் பெற்றோர் துணைநிற்பது குறித்த வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. எழுத்தறிவு குறைந்த பெற்றோரையும் அது கருத்தில் கொண்டது பாராட்டத்தக்கது. ஆயினும் அதன் பகுப்பு வயது நிலையைச் சார்ந்தது. குறிப்பிட்ட பாடத்தில் குறிப்பிட்ட இடத்தில் குழந்தை தடுமாறினால் செய்யத்தக்கது யாது என்னும் வினாவிற்குள் அது செல்லவில்லை.

தொகுத்துரைப்பின், முதல் வகை விடையைத் தருகிறது. இரண்டாம் வகை வகுப்பை நடத்துகிறது. மூன்றாம் வகை ஊக்கமளிக்கிறது. பிழையைப் படிக்கக் கற்றுத்தரும் நூல் பெற்றோருக்கென இல்லை.

5. தமிழ்ப் பாடம்: தேவையற்றது என்னும் மயக்கம்

கணக்குக்கும் ஆங்கிலத்துக்கும் கையேடு வேண்டும், தமிழுக்கு எதற்கு என்பது பொதுவான எண்ணம். தாய்மொழியாதலின் பெற்றோருக்கே தெரியும் என்பது இதன் அடிப்படை. இவ்வெண்ணம் மறுபரிசீலனைக்கு உரியது. ஒருவருக்கு முற்றும் பழகிப்போன அறிவே அவருக்குப் புலப்படாத அறிவு.

வல்லெழுத்துகளின் ஒலிப்பை எடுத்துக்கொள்ளலாம். ‘கல்’, ‘தங்கம்’, ‘பகல்’, ‘பக்கம்’ ஆகிய நான்கிலும் ககரம் ஒரே வடிவினது. ஒலிப்பு இடத்திற்கேற்ப மாறுகிறது. சொல்முதலிலும் இரட்டிக்கும்போதும் வல்லோசையாகவும், மெல்லெழுத்தை அடுத்து மென்மை பெற்றும், உயிர்களுக்கிடையே மேலும் நெகிழ்ந்தும் அது ஒலிக்கிறது. ‘பகல்’ என்பதைப் புதிதாக வாசிக்கும் குழந்தை ‘பக்கல்’ என வல்லோசையில் வாசித்தால், எழுத்தை அது சரியாகவே அறிந்துள்ளது. இடவிதியைத்தான் இன்னும் அறியவில்லை. அவ்விதியைத் தாம் பயன்படுத்துவதையே உணராத தந்தை, ‘எழுத்தே தெரியவில்லை’ என முடிவு செய்து மீண்டும் நெடுங்கணக்கிற்குத் திரும்புவார். குழந்தை அறிந்ததை மறுபடியும் கற்பித்து, அறியாததைக் கற்பிக்காமல் விடுவார்.

உயிர்மெய்க் குறியீடுகளும் அத்தகையனவே. ‘கெ’ என்பதில் உயிரின் குறி கண்ணுக்கு முன்னும் காதுக்குப் பின்னும் வருகிறது. ‘கொ’ என்பதில் அது மெய்யின் இருபுறமும் பிரிந்து நிற்கிறது. ‘கௌ’ என்பதன் இறுதிக்குறி ளகரத்தை ஒத்திருத்தலால், குழந்தை அதை ‘கெள’ என இரண்டெழுத்தாக வாசிப்பதற்கு நியாயம் உண்டு. இவை கவனக்குறைவுகளல்ல, எழுத்துமுறை தானே உண்டாக்கும் தடைகள். வாசிப்பில் தேர்ந்தவர் கண்ணுக்கு இவை தெரிவதில்லை.

மூன்றாவது தடை இரட்டை வழக்கு. வீட்டில் ‘போறேன்’ என்பது ஏட்டில் ‘போகிறேன்’ ஆகிறது. பேச்சைக் கேட்டு எழுதும் குழந்தை ‘போரேன்’ என எழுதினால் அதில் இரு வேறு செய்திகள் உள்ளன: எழுத்து வழக்கின் வடிவத்தை அது இன்னும் அறியவில்லை என்பது ஒன்று; ரகர றகர வேறுபாடு அதன் வீட்டுப் பேச்சில் இல்லை என்பது மற்றொன்று. இரண்டிற்கும் மருந்து வேறு. முன்னதற்கு நூல்களை வாசித்துக் காட்டுவது வழி; பின்னதைச் சொல்வடிவமாகக் கண்ணுக்குப் பழக்குவது வழி. சிவப்பு மையில் ஒரு கோடு இரண்டையும் ஒன்றாக்கிவிடும்.

மேல்வகுப்புகளில் நிலைமை மாறுகிறது. அங்குத் தேவைப்படுவது கையேடன்று, உரை. திருமழிசையில் வளரும் குழந்தைக்குத் தன் ஊர் ஆழ்வாரின் நான்முகன் திருவந்தாதியைக் கற்பிக்க விழையும் பெற்றோருக்குப் பெரியவாச்சான் பிள்ளையின் வியாக்கியானமும், அதை எளிதாக்கும் விளக்கமும் வேண்டும். ஆசிரியர் அருகில் இல்லாத போதும் பனுவலைத் திறந்துகாட்டும் கருவியாக உரையை வளர்த்தது தமிழ் மரபு. அவ்வகையில் தொடக்கநிலைத் தமிழுக்கு உரிய கருவி இன்னும் எழுதப்படவில்லை என்பதும், உயர்நிலைத் தமிழுக்கு உரியது பல நூற்றாண்டுகளாகவே உள்ளது என்பதும் தெளிவு.

6. கணக்கும் பிற பாடங்களும்

கணக்கில் கையேட்டின் தேவை பரவலாக ஒப்புக்கொள்ளப்படுகிறது. ஆனால் தவறான காரணத்திற்காக. பெற்றோருக்குக் கணக்குத் தெரியாது என்பது காரணமன்று. 52இலிருந்து 27ஐக் கழித்து 35 என எழுதும் குழந்தை, ஒவ்வோர் இலக்கத்திலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்துள்ளது. விடைத்தாள் 25 எனக் கூறும். கழித்தலை அறிந்த பெற்றோர் தவற்றையும் காண்பர். ஆனால் குழந்தை ஒரு விதியைச் சீராகப் பின்பற்றியே தவறியது என்பதைக் காண, அவ்வகைப் பிழைகளைத் தொகுத்துக் கூறும் வழிகாட்டி வேண்டும்.

லிப்பிங் மா 1999இல் வெளியிட்ட ஆய்வு இதற்குத் துணைசெய்கிறது. அவர் அமெரிக்க ஆசிரியர் 23 பேரையும் சீன ஆசிரியர் 72 பேரையும் ஒப்பிட்டார். சீன ஆசிரியர் முறையான கல்வியில் குறைந்த ஆண்டுகளே பயின்றவர்கள்; எனினும் தொடக்கநிலைக் கணக்கை அவர்களே ஆழமாக அறிந்திருந்தனர். பாடநூலையும் ஆசிரியர் கையேட்டையும் தொடர்ந்து ஊன்றிப் பயின்று, சக ஆசிரியரோடு விவாதித்தமை அதற்கான காரணங்களுள் ஒன்று என மா கருதுகிறார். பட்டம் குறைந்த பெற்றோருக்கு இம்முடிவு நம்பிக்கை தருவது. அதே வேளையில், கையேடு என்பது பாடவேளையில் புரட்டிப் பார்ப்பதற்கன்று, முன்னரே கற்பதற்குரியது என்பதையும் அது உணர்த்துகிறது.

அறிவியலுக்கு இத்தகைய படிமுறைக் கையேடு அவ்வளவு இன்றியமையாததன்று. தொடக்கநிலையில் உற்றுநோக்கலும் எளிய சோதனையும் போதுமாதலின், செய்யத்தக்கவையும் தவிர்க்கத்தக்கவையும் அடங்கிய சிறு செய்முறை நூலே பயன்தரும். சமூக அறிவியலில் ஊரே பாடநூல். ஜெகந்நாதப் பெருமாள் கோயிலும் தொழிற்பேட்டையும் சந்தைத் திடலும் வரலாறு, பொருளியல், புவியியல் மூன்றையும் ஒரே ஊரில் தருகின்றன. இங்குப் பெற்றோருக்கு வேண்டுவது விடையன்று, கேட்கத்தக்க வினாக்கள்.

ஆங்கிலத்தின் நிலை வேறு. பல வீடுகளில் பெற்றோருக்கே அம்மொழியில் தேர்ச்சி குறைவு. கையேட்டின் ஆங்கிலத்தைப் படிக்க இயலாத பெற்றோருக்கு ஆங்கிலக் கையேடு பயன்படாது. ஒலிப்பதிவு, தமிழில் எழுதப்பட்ட வழிகாட்டி, அல்லது மற்றோர் ஆசிரியர் என்பனவே வழி. தம்மால் இயலாத பாடத்திற்குத் தக்க ஆசிரியரைத் தேடுதலும் வீட்டுவழிக் கல்வியின் பகுதியே. உ.வே. சாமிநாதையரின் தந்தையார் இசைவாணர். மகனின் தமிழ் வேட்கைக்காக ஊர் ஊராகக் குடிபெயர்ந்து, புலவர் பலரிடம் அவரைச் சேர்ப்பித்ததை என் சரித்திரம் விரிவாகக் கூறுகிறது. அவர் கற்பிக்கவில்லை, கற்பிக்கத் தக்கவரை அறிந்தார்.

7. எதிர்வாதங்கள்

கையேடே வேண்டாம் என்போரின் வாதத்தில் இரண்டு வலுவானவை. முதலாவது, ழாக் ரான்சியேர் 1987இல் எழுதிய நூலின் வழியே மீண்டும் பேசப்பட்ட ஜோசப் ஜாக்கோட்டோவின் கருத்து. 1818இல் லூவேன் நகரில், தம் மொழியறியாத மாணவருக்கு இருமொழிப் பதிப்பொன்றைக் கொடுத்து, விளக்கம் ஏதுமின்றி அவர்கள் பிரெஞ்சு கற்றதைக் கண்ட அவர், தாம் அறியாததையும் ஒருவர் கற்பிக்கலாம் என முழங்கினார். எழுத்தறியாத தந்தையும் மகனுக்குக் கற்பிக்கலாம் என்பது வரை அவர் சென்றார். பெற்றோரின் தாழ்வுணர்ச்சியைப் போக்குவதில் இக்கருத்திற்கு நிகரில்லை. ஆனால் ஜாக்கோட்டோவின் மாணவர் ஏற்கெனவே ஒரு மொழியில் வாசிக்கத் தெரிந்த இளைஞர். குழந்தை முயன்று நோக்கியதா என்பதை அறியாத தந்தையும் சரிபார்க்கலாம். ‘பக்கல்’ என்னும் வாசிப்பு எவ்வழியில் பிறந்தது என்பதை அவரால் சரிபார்க்க இயலாது.

இரண்டாவது, கிருஷ்ண குமார் 1988இல் முன்வைத்த ‘பாடநூல் பண்பாடு’ என்னும் விமரிசனம். இந்திய ஆசிரியர் விதிக்கப்பட்ட நூலுக்கும் தேர்வுக்கும் கட்டுண்டவராகக் காலனியக் காலத்தில் ஆக்கப்பட்டார் என்பது அவர் கருத்து. பாடந்தோறும் கையேடு என்னும் ஏற்பாடு, அதே கட்டை வீட்டிற்குள்ளும் கொண்டுவரும் அபாயம் உண்மையானது. பள்ளியின் இறுக்கத்தை வெறுத்து வெளியேறிய பெற்றோர், ஐந்து கையேடுகளை அடுக்கிவைத்துப் பாடவேளை வகுத்தால், இழந்தது தோழரை மட்டுமே. அந்நூல்களைப் படிக்கும் சுமையும் பெரும்பாலான வீடுகளில் தாயின் மேலேயே விழும்.

இவ்வாதங்களை ஏற்கும்போதும் தொடக்க வாசிப்பும் தொடக்கக் கணக்கும் விதிவிலக்காகவே நிற்கின்றன. இங்கு வழிகாட்டியைக் குழந்தையின் கைக்கே மாற்றும் முயற்சியும் தமிழகத்தில் நிகழ்ந்துள்ளது. ரிஷிவேலி கல்வி மையத்தின் பட்டறிவைக் கொண்டு 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08இல் மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றல், வரிசையை ஏணியாகவும் பாடத்தை அட்டைகளாகவும் மாற்றியது. அடுத்து எது என்பதைக் குழந்தையே கண்டறிந்தது. கழற்பெய்குடச் சிக்கலுக்கு அது தீர்வளித்தது. பிழையை விளக்கும் பொறுப்போ அப்போதும் ஆசிரியரிடமே இருந்தது. 2021 அக்டோபர் 27ஆம் நாள் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தின் தன்னார்வலரும் இதே இடத்திலேயே நின்றனர். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஓர் இளம்பெண் தெருக்குழந்தைகளைத் திண்ணையில் அமர்த்தி மாலையில் கற்பித்தபோது, உடன்பயில்வோர் என்னும் நன்னூலின் கால்பங்கு கிடைத்தது. பாடத்தை அவர் அறிவார். பிழையைப் படிக்கும் பயிற்சியே அவருக்கு மிகவும் தேவைப்பட்டது.

8. முடிவுரை

வீட்டுவழிக் கல்வியில் பாடத்திற்கொரு கையேடு தேவையில்லை. குழந்தையின் பிழை பெற்றோர் கண்ணுக்குப் புலப்படாத இடங்களில் மட்டுமே கையேடு இன்றியமையாதது. அவ்விடங்கள் தொடக்கத் தமிழ் வாசிப்பும் எழுத்தும், தொடக்கக் கணக்கும் ஆகும். உயர்நிலை இலக்கியத்திற்கு உரையும், அறிவியலுக்குச் செய்முறைக் குறிப்பும், சமூக அறிவியலுக்கு வினாத் தொகுப்பும், பெற்றோர் அறியாத மொழிக்கு வேறோர் ஆசிரியரும் போதும். கால்பங்கிற்குமேல் எந்தக் கையேடும் தராது என்பதால், தோழரோடு கூடிப் பயிலவும் தான் கற்றதைப் பிறருக்குச் சொல்லவும் குழந்தைக்கு வாய்ப்பமைப்பது பெற்றோரின் முதற்கடன்.

இம்முடிவு தமிழ்த்துறைகளுக்கு ஒரு பணியைச் சுட்டுகிறது. தொடக்கநிலைத் தமிழ் வாசிப்பில் குழந்தைகள் செய்யும் பிழைகளைத் தொகுத்து, அவற்றின் ஒலியியல், எழுத்தியல், வழக்கியல் காரணங்களை வகைப்படுத்தி, எளிய தமிழில் பெற்றோருக்கு விளக்கும் நூல் எழுதப்படுதல் வேண்டும். வல்லெழுத்தின் இடவிதியும் ரகர றகர வேறுபாடும் பேச்சு எழுத்து வழக்குகளின் தொடர்பும் தமிழ் மொழியியல் நன்கறிந்த செய்திகளே. அவை ஆய்வேடுகளிலிருந்து திருமழிசையின் ஒரு வாடகை வீட்டுக்கு, இரவுப் பணி முடித்து வந்த தாய் பத்து நிமிடத்தில் படிக்கக்கூடிய வடிவில் சென்று சேரவில்லை. அந்நூல் வீட்டுவழிக் கல்வியைத் தேர்ந்தோருக்கும், பள்ளி முடிந்து மாலையில் மகனின் அருகில் அமரும் பெற்றோருக்கும், தன்னார்வலருக்கும் ஒருசேரப் பயன்படும். வீட்டிற்கென எழுதப்படும் முதற்கையேடு கணக்கிற்கோ ஆங்கிலத்திற்கோ உரியதாக அன்றித் தமிழுக்கு உரியதாக அமைவதே முறையாகும்.